கடைக்கு இடம் அளக்கும் கமிட்டிக்காரர்களுக்கு, ஒரு பஜ்ஜிக்கடைக்காரனின் திறந்த மடல்

ஊர்த் திருவிழாக் கமிட்டித் தலைவர்களுக்கும், பொருளாளர்களுக்கும், தரைக்கடை ஏலம் எடுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

பங்குனி பிறந்தால் ஆடி முடிகிறவரை ஊர் ஊராகப் போய் மிளகாய் பஜ்ஜியும் டெல்லி அப்பளமும் காலிஃபிளவரும் போடுகிறவன் நான். அப்பா காலத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ், இப்போது கேஸ். உங்களில் பலருக்கு என் பெயர் தெரியாது; "அந்த பஜ்ஜிக்கடை" என்றால் தெரியும். ஆடித் திருவிழாவுக்குக் கடை ஏலம் பேசுகிற நேரம் இது. அட்வான்ஸ் வாங்கி, நோட்டில் எழுதி, இடம் பிரித்து முடித்துவிட்டால் அப்புறம் யார் பேச்சும் எடுபடாது. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் ஏதாவது நடந்துவிட்டால் மறுநாள் எல்லோரும் கடைக்காரனைத்தான் பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். எங்கள் ஆட்களிலும் அசட்டையாக இருப்பவர்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சட்டி எங்கே உட்கார வேண்டும், சிலிண்டர் எங்கே நிற்க வேண்டும், கூட்டம் எந்தப் பக்கம் நெருக்கும் என்பதெல்லாம் நாங்கள் லோடு இறக்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. நாடாவைப் பிடித்து, சுண்ணாம்புப் பொடி தூவி நீங்கள் கோடு கிழிக்கிறீர்களே, அந்தக் காலை நேரத்தில்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். எல்லா ஊரிலும் முகப்பு அடிக்குத்தான் காசு. 10 அடி முகப்பு எடுத்தால் ஆழம் 6 அடி கிடைக்கும், பின்னால் கோயில் மதில் அல்லது அடுத்த வரிசைக் கடையின் முதுகு. வளையல் கடைக்கும் பொம்மைக் கடைக்கும் 6 அடி தாராளம். எங்களுக்கு? அடுப்பே 2 அடி. மாஸ்டர் நிற்க ஒரு இடம், மாவுக் குண்டான், மிளகாய்க் கூடை, எண்ணெய் டின், பொட்டலம் மடிக்கிற பையன், இவ்வளவுக்கும் போக மிச்சமிருக்கிற இடத்தில்தான் சிலிண்டர். மிச்சம் எங்கே இருக்கும்? அடுப்புக்குக் காலடியில். சட்டி முகப்புக்கு வந்துவிடும். நாங்கள் வைக்கிற இரும்பு ஸ்டாண்டு இரண்டரை அடி உயரம். அதன் மேல் சட்டியை ஏற்றினால், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வருகிற நாலு வயதுப் பிள்ளைக்கு எண்ணெய் சரியாக முகத்துக்கு நேரே கொதிக்கும்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். சட்டி முன்னால் இருந்தால் எங்களுக்கு வியாபாரம் கூடும். மாவில் தோய்த்த மிளகாய் எண்ணெயில் விழுந்து "சொய்ங்" என்று பொரிகிற சத்தமும் வாசனையும்தான் எங்கள் விளம்பரப் பலகை. இடம் கொடுத்தாலும் சட்டியைப் பின்னால் தள்ள மாட்டேன் என்று நிற்பவர்களும் இருப்பார்கள். அதற்குத்தான் கமிட்டி வேண்டும். எல்லோரும் தள்ளினால் எவனுக்கும் நட்டமில்லை. நான் ஒருவன் மட்டும் தள்ளினால் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். முன்னால் ஒரு மேசை, அதில் பொரித்து வடித்த பஜ்ஜித் தட்டு, அதற்குப் பின்னால் கை எட்டாத தூரத்தில் சட்டி. பார்க்கவும் முடியும், வாசனையும் வரும்.

நான் கேட்பது எண்ணெய்க் கடைகளுக்குத் தனி அளவு. 8 அடி முகப்பு, 12 அடி ஆழம். முகப்பில் இரண்டடி வாடகை உங்களுக்குக் குறையும், தெரியும். வேண்டுமானால் அடிக்கு ரேட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள், கொடுக்கிறோம். அதோடு மைதானத்தில் எண்ணெய்க் கடைகளை எல்லாம் ஒரே வரிசையில், சாமி ஊர்வலம் வராத பக்கமாகப் போடுங்கள்.

ஊர்வலம் என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பது நமக்குப் புதிதில்லை. வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு, கையில் கனன்று எரிகிற சட்டியோடு நூற்றுக்கணக்கான பேர் வருவார்கள். அருள் வந்தவர்கள் எந்தப் பக்கம் ஆடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவர்கள் வருகிற வழி பல ஊர்களில் கடைவீதி வழிதான். இரண்டு பக்கமும் எங்கள் கேஸ் சிலிண்டர்கள். நாங்கள் அந்த நேரத்துக்கு அடுப்பை அணைத்துவிடுவோம், அது வழக்கம்தான். ஆனால் அணைத்த அடுப்பின் மேல் இருக்கிற எண்ணெய் அணையாது. விரதம் இருந்து வெறுங்காலோடு வருகிற சனங்கள், நெருக்கித் தள்ளுகிற கூட்டம், 170 டிகிரியில் 10 லிட்டர் எண்ணெய். ஒரு முழங்கை பட்டால் போதும். தீச்சட்டி, பால்குடம், அலகுக் காவடி வருகிற பாதையை மாற்ற முடியாது, அது சாமி காரியம். கடை வரிசையை மாற்றலாம், அது உங்கள் காரியம்.

சாக்கடை மேல் பலகை போட்டு இடம் கொடுப்பதையும் நிறுத்துங்கள். எல்பிஜி, அதாவது நம் சிலிண்டர் கேஸ், காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் போய்த் தங்கும். மூடிய சாக்கடை அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி. பத்து கடை தள்ளி ஒருவர் பீடி பற்றவைத்தால் போதும். வாசனை வருமே என்பீர்கள். கசிவு தெரிய வேண்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள்தான். வேகிற எண்ணெய், சாம்பிராணி, பூக்கடை, சாக்கடை எல்லாம் சேர்ந்த இடத்தில் அது எந்த மூக்குக்குத் தெரியும்?

மூக்கு ஏமாற்றினால் காது இருக்கிறது. ஹை பிரஷர் அடுப்பு எரியும்போது ஒரு இரைச்சல் வரும். நல்ல மாஸ்டர் முதுகைக் காட்டிக்கொண்டு மிளகாய் கீறினாலும் அந்த இரைச்சலை விட மாட்டார். காற்றடித்துத் தீ அணைந்தால் சத்தம் மாறும், உடனே கை வால்வுக்குப் போகும். வீட்டுக்குள் வருகிற புது அடுப்புகள் சிலவற்றில் தீ அணைந்தால் கேஸ் தானே நிற்கிற ஏற்பாடு உண்டு; எங்கள் அடுப்பில் அது கிடையாது, கை ஒன்றுதான். இப்போது நீங்கள் அந்த மாஸ்டரின் தலைக்கு மேல் மூன்று கூம்பு ஸ்பீக்கர் கட்டி அம்மன் பாட்டைப் போடுகிறீர்கள். அவர் காதும் போச்சு. எண்ணெய்க் கடை வரிசைக்கு மேல் மட்டும் ஸ்பீக்கர் வேண்டாம். பாட்டு அந்த வரிசையை எட்டாமல் போய்விடாது.

காற்றைப் பற்றி எங்கள் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. ஆடிக் காற்றுக்குத் தகரம் அடைப்பது சரிதான். ஆனால் அடுப்பை மட்டும் மூன்று பக்கம் அடையுங்கள். சிலிண்டரை உள்ளே விட்டு அடைக்காதீர்கள். தகரத்துக்குள் சேருகிற சூடு சிலிண்டரைத் தொடக்கூடாது. இன்னொன்று, ராத்திரி எட்டு மணி வியாபாரத்தில் தீ மங்கினால் சிலிண்டரைப் படுக்கப் போடுகிற பழக்கம். கேஸ் தீரவில்லை. ஒரே மூச்சாக இழுப்பதால் உள்ளே இருக்கிற திரவம் குளிர்ந்து அழுத்தம் குறைந்திருக்கிறது, வெளியே வேர்த்து நிற்பதைப் பார்த்தாலே தெரியும். படுக்கப் போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே டியூபுக்குள் ஓடி வரும். திரவம் ஆவியானால் ஏறக்குறைய 250 மடங்கு விரியும். அடுப்பில் ஆளுயரத்துக்குத் தீ எழும்பும், மேலே தார்ப்பாய். மாற்றிப் போட ஒரு சிலிண்டரைக் கையில் வைத்திருங்கள். வீட்டுச் சிவப்பு சிலிண்டரைக் கடைக்குக் கொண்டுவருவதையும் விடுங்கள், அது சட்டப்படியே குற்றம். கடைக்கு 19 கிலோ நீலம்தான்.

கமிட்டிக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஒருவர் 100 கிலோ வரைதான் எல்பிஜி வைத்திருக்கலாம். 19 கிலோ சிலிண்டர் ஐந்து சேர்ந்தாலே 95 கிலோ. உங்கள் மைதானத்தில் எண்ணெய்க் கடை மட்டும் பத்துப் பதினைந்து. ஆளுக்கு எரிவதில் ஒன்று, இருப்பில் ஒன்று. எத்தனை கிலோ என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இருப்பு சிலிண்டர்களைக் கடைக்குள் விடாதீர்கள். மைதானத்தின் ஓரத்தில், வெயில் படாமல், பள்ளமில்லாத இடத்தில் கம்பி வலை கட்டி, ஒரு ஆளைப் போட்டு, அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆள் கூலியைப் பங்கு போட்டுக் கொடுக்க நாங்கள் தயார்.

மழைக்கு வருகிறேன். எனக்கு இதுதான் பெரிய பயம். ஆடி, ஆவணியில் சாயங்காலம் திடீரென்று ஒரு மழை கொட்டும். தார்ப்பாய் நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பை விழும். உடனே ஒரு பையன் மூங்கிலை எடுத்துக் கீழிருந்து குத்தித் தூக்குவான், தண்ணீர் ஏதோ ஒரு பக்கம் சாயும். அந்தப் பக்கத்தில் சட்டி இருந்தால்? தண்ணீர் எண்ணெயை விடக் கனம், மேலே நிற்காது, அடிக்குப் போகும். அங்கே ஒரு நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,700 லிட்டர் ஆவியாக விரியும். அவ்வளவும் மேலே இருக்கிற எண்ணெயை வாரித் தூக்கிக்கொண்டுதான் வெளியே வரும். வழிகிற எண்ணெய் கீழே எரிகிற பர்னரில் விழுந்தால் சட்டியே பந்தமாகிவிடும்.

அதனால் எண்ணெய்க் கடைக்குச் சரிவான கூரைதான் போட வேண்டும், நடுவில் உயரமாக, இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடுகிற மாதிரி. தகரம் என்றால் உத்தமம். பந்தல் காண்ட்ராக்டர் உங்கள் ஆள். தட்டையாகக் கட்டினால் அவருக்குக் கம்பு மிச்சம், அதனால் தட்டையாகக் கட்டுகிறார். கீற்றுப் பந்தல் மட்டும் எண்ணெய்க் கடைக்கு வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்கு ஏறி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் அடுப்புக்கு மேல் கீற்று வேயலாமா என்று கமிட்டியில் விவாதம் நடத்த என்ன இருக்கிறது?

மழை இல்லாத நாளிலும் தண்ணீர் வந்துவிடுகிறது. புழுதி அடங்க டேங்கர் விட்டுத் தெளிக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் கடை போட்ட பிறகு தெளித்தால் ஸ்டாண்டின் ஒரு கால் சேற்றில் இறங்கும், சட்டி சாயும். நாங்கள் காலுக்குக் கீழே செங்கலோ பலகையோ வைக்கிறோம், இருந்தாலும் தெளிப்பதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

தீப் பிடித்தால் என்ன செய்வது என்று பேச யாருக்கும் பிடிக்காது, அபசகுனமாக நினைக்கிறோம். பஜ்ஜி வேக 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் போதும். ரீஃபைண்ட் எண்ணெய் 220, 230 பக்கம் போனால் புகைய ஆரம்பிக்கும். அதற்கு மேலும் தீயைக் குறைக்காமல் விட்டு 350 டிகிரியை நெருங்கினால் தீக்குச்சி வேண்டாம், தானே பற்றும். ஆக எண்ணெய் சொல்லிவிட்டுத்தான் பற்றுகிறது, புகை வருவதுதான் அந்தச் சொல். நாலு நாள் அடித்த எண்ணெய் சீக்கிரமே புகையும்; மாவுத் தூள் கருகிக் கிடக்கிற எண்ணெய் இன்னும் சீக்கிரம். உணவுப் பாதுகாப்புத் துறை எண்ணெயைச் சோதிக்க வருவது வயிற்றுக்காக. 2018 ஜூலையிலிருந்து எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெய் கெட்டு உண்டாகிறவை) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி. அந்த விதி தீக்கும் நல்லது என்பதை எங்கள் ஆட்கள் யோசிப்பதில்லை.

சட்டியில் தீப் பிடித்தால் செய்ய வேண்டியது மூன்றே: கேஸை மூடு, சட்டியைத் தகர மூடியால் மூடு, ஆறுகிறவரை திறக்காதே. சட்டியை நகர்த்தவே கூடாது. கூட்டத்தில் ஒரு நல்ல மனுஷர் குடத்துத் தண்ணீரோடு ஓடி வருவார். அவரைத் தடுக்கிறதுதான் பெரிய பாடு. அதனால் எண்ணெய்க் கடை ஒவ்வொன்றிலும் சட்டியை விட அகலமான, கைப்பிடி உள்ள தகர மூடி ஆணியில் தொங்க வேண்டும் என்று ஏலச் சீட்டிலேயே எழுதுங்கள். மூடி இல்லாதவனுக்கு மின் இணைப்பு இல்லை என்று சொல்லிப் பாருங்கள், அரைமணி நேரத்தில் எல்லோரும் பட்டறைக்கு ஓடுவார்கள்.

தீயணைப்புத் துறைக்காரர்கள் வந்து ஈரச் சாக்கு போர்த்திக் காட்டியதைப் பார்த்திருப்பீர்கள். அது சிலிண்டர் வாயில் எரிகிற தீக்கு. சொட்டச் சொட்ட நனைத்த அதே சாக்கை எண்ணெய்ச் சட்டியில் போட்டால் மழைத் தண்ணீர் விழுந்த கதைதான். கமிட்டி ஆபீஸ் வாசலில் தொங்குகிற சிவப்புத் தீயணைப்பு உருளையிலும் பெரும்பாலும் ஏபிசி பவுடர் என்கிற உலர்ந்த பொடிதான் இருக்கும். அது தீயை அடக்கும், எண்ணெயின் சூட்டை அடக்காது. பவுடர் ஓய்ந்ததும் திரும்பப் பற்றலாம். கிட்டே நின்று அடித்தால் எண்ணெயையே வாரி இறைக்கும். சமையல் எண்ணெய்த் தீக்கு என்றே எஃப் வகை உருளை இருக்கிறது. அதில் இருக்கிற கரைசல் எண்ணெயோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஏடு கட்டி மூடும், குளிரவும் வைக்கும். ஒரு வரிசைக்கு ஒன்று கமிட்டி செலவில் வாங்குங்கள். வாணவேடிக்கைக்கு வைக்கிற பணத்தில் ஒரு ஓரத்தைக் கிள்ளினால் வந்துவிடும்.

எண்ணெய்ச் சட்டிக்குப் பகையான தண்ணீர், சுட்டுக்கொண்ட மனிதருக்கு முதல் மருந்து. எங்கள் மாஸ்டர்கள் கையைப் பார்த்தால் தெரியும், மணிக்கட்டுக்கு மேலே புள்ளி புள்ளியாகத் தழும்பு. ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொல்வார்கள்: இங்க், பேஸ்ட், மாவு, மஞ்சள். எதுவும் வேண்டாம். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம். ஐஸ் கூடாது. வீங்குவதற்குள் வளையல், மோதிரம், கயிறு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி 108-ஐக் கூப்பிட வேண்டும். முகம், கை, பிள்ளைகள் என்றால் யோசிக்கவே வேண்டாம். சொல்லச் சுலபம். 20 நிமிஷம் தண்ணீர் ஓட எங்கள் வரிசையில் குழாய் எங்கே இருக்கிறது? இருக்கிற ஒரே சின்டெக்ஸ் டேங்க் அன்னதானப் பந்தலில். எண்ணெய்க் கடை வரிசையின் இரண்டு முனையிலும் குழாயோடு ஒரு டேங்க் வையுங்கள். வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டுங்கள்.

அப்புறம், எந்தக் கமிட்டியும் யோசிக்காத ஒன்று: கடை மூடுகிற நேரம். போலீஸ் சொன்ன நேரத்துக்குக் கச்சேரியை நிறுத்துகிறீர்கள், ஜெனரேட்டரையும் சேர்த்து நிறுத்திவிடுகிறீர்கள். சுற்றிலும் கும்மிருட்டு. பத்து நிமிஷம் முன்வரை பஜ்ஜி போட்ட சட்டியில் எண்ணெய் தளதளவென்று இருக்கும். காலையில் அடுத்த ஊரில் கடை, வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு பேர் சட்டியின் காதைப் பிடித்துத் தூக்குவார்கள், கயிறும் கம்பும் இறைந்து கிடக்கிற தரையில். பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, அது உருகிக் காலில் கொட்டிய கதைகளை எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாள் முழுக்கக் கூட்டத்தில் நடக்காத விபத்து இந்த நேரத்தில்தான் நடக்கிறது. நடப்பது எங்கள் பையன்களுக்கு, அதனால் வெளியே தெரிவதில்லை.

கடைசி பஜ்ஜிக்கும் இடம் காலி செய்வதற்கும் நடுவில் இரண்டு மணி நேரம் வேண்டும். விளக்கு மட்டும் எரியட்டும், பாட்டு வேண்டாம், வியாபாரமும் வேண்டாம். எண்ணெய்க் கடைக்கு மட்டும் "10 மணிக்கு அடுப்பு அணை, 12 மணிக்கு இடம் காலி" என்று போட்டால் நாங்கள் கேட்டுக்கொள்வோம். ஆறிய பழைய எண்ணெயை ஊற்ற மூடி போட்ட இரும்பு டிரம் ஒன்றும் வையுங்கள். பயோடீசலுக்கு அதைக் காசு கொடுத்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காசைக் கமிட்டியே வைத்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் அது உங்கள் ஊர்ச் சாக்கடைக்குத்தான் போகும்.

கேட்டது எல்லாம் ஒரே வருஷத்தில் நடக்காது என்று எனக்கும் தெரியும். இந்த ஆடிக்கு 12 அடி ஆழமும் கடை மூடியபின் இரண்டு மணி நேர வெளிச்சமும் கொடுங்கள். டேங்கும் எஃப் உருளையும் அடுத்த வருஷ பட்ஜெட்டில் வரட்டும். இடம் அளக்கிற அன்று எண்ணெய்க் கடைக்காரர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். நானே வரத் தயார், பஸ் காசு கூட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் திருவிழாவின் பஜ்ஜிக்கடைக்காரன்